ஓட்டமும் ஆசனமும் ஒருசேர

கேள்வி: நாற்பது வயதில் ஓட்டப் பயிற்சியையும் யோகாசனத்தையும் ஒரே சமயத்தில் தொடங்கலாமா?
– வாசகர், பொத்தேரி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிட, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் உறுதிபெறப் பல மாதங்கள் ஆவதால், மூச்சு இடங்கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்கே பெரும்பாலும் குதிகாலும் முழங்காலும் வலிக்கின்றன. ஆகவே ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறி, பேச்சுத் தடைபடாத வேகத்தில், வாரத்தில் மூன்று நாள்கள் மட்டும் ஓடுவதே தக்கது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடல் சூடேறும் என்பதால் விடியற்காலையே உகந்த நேரம்; உங்கள் ஊர் வழியே கனரக வாகனங்கள் விரையும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைத் தவிர்த்து உட்தெருக்களைத் தேர்ந்துகொள்வது கட்டாயம்.

ஆசனத்துக்கும் இதே நிதானம் தேவை. சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வலியுறுத்திய ‘வின்யாச கிரமம்’ என்பது, எளிய அசைவிலிருந்து கடினமான நிலைக்கு மூச்சோடு இயைந்து படிப்படியாகச் செல்லும் முறையாகும். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம், அவரவர் உடல்நிலைக்கேற்பப் பயிற்சியை வகுக்கும் அந்த அரிய மரபைப் போற்றுகிறது. இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே இவ்விரண்டிலும் இறங்க வேண்டும்.