நிரப்பப்படாத இடமும் நன்றியுணர்வும்

கேள்வி: கணவர் மறைந்து ஓராண்டு நிறையாத வீட்டில் இந்த டிசம்பரில் நட்சத்திரம் தொங்கவிடப்படவில்லை. ஆலயத்தில் சந்திப்பவர்களோ எல்லாவற்றுக்கும் நன்றி செலுத்தும்படியே சொல்கின்றனர். நன்றி சொல்ல நா எழாதது விசுவாசக் குறைவா?

— வாசகி, நாகர்கோவில்

பதில்: விசுவாசக் குறைவு ஆகாது. வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல் வகையைச் சேர்ந்தவை; துயருற்றவர் தம் முறையீட்டை மறைக்காமல் கடவுளிடமே எடுத்துரைக்கும் மன்றாட்டு இவ்வாறு அழைக்கப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையில் முடிகையில், 88-ஆம் சங்கீதம் மட்டும் கடைசி வரை இருளிலேயே நின்றுவிடுகிறது. அதுவும் இறைவேண்டலாகவே காக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை ஆறுதல் சொல்ல வருவோர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நன்றியுணர்வைப் பற்றி ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் எழுதியவை இங்கு மிகவும் பயன்படும். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த அவர், திருமணம் நிச்சயமான சில மாதங்களிலேயே, 1943 ஏப்ரலில் கைதாகி, பெர்லினின் டேகல் இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். 1945 ஏப்ரலில், தமது 39-ஆம் வயதில், தூக்கிலிடப்பட்டார். 1943-இன் கிறிஸ்துமஸை ஒட்டி, போர்ப்பணிக்காக மனைவியைப் பிரியவிருந்த நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு அவர் எழுதிய கடிதம், பிரிவைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனைகளுள் ஒன்று. அன்புக்குரியவர் விட்டுச்சென்ற இடத்தை வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாது, ஈடுசெய்ய முயலவும் கூடாது என்று கூறும் அவர், கடவுள் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார் என்னும் வழக்கமான ஆறுதலை வெளிப்படையாகவே மறுத்து, அதை நிரப்பாமல் விடுவதன் வழியாகவே கடவுள் உறவைக் காக்கிறார் என்கிறார். நினைவுகள் வளமாக இருக்கும் அளவுக்குப் பிரிவும் கடினமாகும். எனினும் நன்றியுணர்வு நினைவின் வேதனையை அமைதியான மகிழ்ச்சியாக மாற்றவல்லது என்பது அவர் கருத்து. நினைவுகளை ஓயாமல் கிளறிக்கொண்டிருப்பதையும் அவர் ஏற்கவில்லை. விலைமதிப்பற்ற பரிசைப் போல, குறித்த வேளைகளில் மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இந்த நோக்கில், நன்றி மரணத்துக்காகச் செலுத்தப்பட வேண்டியதில்லை. மறைந்தவர் உடனிருந்த ஆண்டுகளுக்காகவும், அவருடைய தனிப்பட்ட குணம் ஒன்றுக்காகவும் செலுத்தப்பட்டால் போதும். அதுவும் இந்த ஆண்டே கைகூட வேண்டும் என்னும் கட்டாயமில்லை. துக்க வீட்டில் நட்சத்திரம் தொங்கவிடாத வழக்கம் ஊரறிந்த துயரத்துக்கு ஊர் தரும் மதிப்பாகையால், அதை அவிசுவாசமாகக் கருதுவது பெரும் அநீதி. பாடற்பவனி வேண்டாமென்று தோன்றினால் தவிர்த்துவிட்டு, அதிகாலை ஆராதனைக்கு மட்டும் சென்று திரும்பலாம். பண்டிகை நாளில் ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளோடு அமர்ந்து அவரைப் பற்றிப் பேசலாம். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரை அணுகத் தயங்கக் கூடாது. சிகிச்சை விசுவாசத்துக்கு எதிரானதன்று.

சபைகளுக்கும் இதில் கடமை உண்டு. மேலைநாட்டுத் திருச்சபைகள் பலவற்றில், அங்கு ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் டிசம்பர் 21-ஐ ஒட்டி, துயருற்றோருக்கென ஆரவாரமற்ற தனி வழிபாடு நடத்தப்படுகிறது. மௌனத்துக்கும் புலம்பல் சங்கீதத்துக்கும் அதில் இடமுண்டு. குமரி மாவட்டச் சபைகளிலும் அத்தகைய ஒரு மாலை வழிபாட்டை ஏற்பாடு செய்யும்படி ஆயரிடம் இப்போதே கேட்கலாம்.