நம்பி வருகிறவர்கள்: ஓர் இளம் சித்த வைத்தியருக்கு



பாளையங்கோட்டையில் படிப்பை முடித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே வைத்தியசாலை திறக்க நிச்சயித்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நம் வைத்தியத்தை ஏளனம் செய்வோருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். உன் வயதில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆயினும், ஏளனம் செய்கிறவர் உன் வாசற்படி ஏறப் போவதில்லை. ஏறி வருகிறவர் அநேகமாக அனைவரும் நம்பி வருகிறவர்களே ஆதலால், அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஏளனம் நமக்குப் புதிதன்று. 1921-இல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை நியமித்துச் சுதேச வைத்திய முறைகளை ஆராயச் செய்த நாளிலேயே, இவை சாஸ்திரமா அல்லவா என்ற வாதம் முற்றி நின்றது. 1923-இல் அறிக்கை வந்தது. பிறகு சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி பிறந்தது. 1964-இல் நீ பயின்ற கல்லூரி தோன்றியது. 2005-இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே எழுந்தது. ஏளனத்தால் நம் வைத்தியம் அழிந்துவிடவில்லை. கண்மூடித்தனமான விசுவாசத்தால் அதற்கு நேரக்கூடிய கேட்டைத்தான் நம்மவர்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை.

கொரோனாத் தொற்று பரவிய 2020-ஆம் வருஷத்துக் கோடையை நினைத்துப் பார். நாட்டு மருந்துக் கடைகளில் கபசுரக் குடிநீர்ப் பொடிக்கு எவ்வளவு கூட்டம்! 15 சரக்குகள் சேர்ந்த அந்தப் பொடியை, தண்ணீர் நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டி, உரிய அளவில், உரிய நாட்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நாம் கற்றிருக்கிறோம். ஜனங்களில் பலரோ கொதி வந்ததும் இறக்கி, வீட்டில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒரே டம்ளரில் அளந்து, வாரக்கணக்கில் குடித்தார்கள். வயிறு எரிகிறது என்று வந்தவர்களிடம் எத்தனை வேளை குடித்தீர்கள் என்று கேட்டால், "நாட்டு மருந்துதானே, ஒன்றும் செய்யாது" என்ற பதிலே வரும். ஒன்றும் செய்யாத பொருள் நோயையும் ஒன்றும் செய்யாது என்பதை நீ அவர்களுக்குச் சலிக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர்; சேராங்கொட்டைக்கும் நாபிக்கும் பாதரசத்துக்கும் அவர்கள் தனித்தனியே சுத்தி முறைகளை வகுத்து வைத்தது அவை விஷம் என்று தெளிவாகத் தெரிந்திருந்ததனால்தான். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தவர்கள் அவற்றுள் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருக்கக் கண்டார்கள். அந்தச் செய்தியைச் சதி என்று தள்ளியவர்களும் நம்மிடையே உண்டு. அப்படித் தள்ளுவது வைத்தியன் லட்சணமன்று. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்கென்று சீன மூலிகைக் குளிகை உட்கொண்ட பெண்கள் பலருக்கு, அதில் மாறி வந்து கலந்த ஒரு செடியினால் சிறுநீரகமே கெட்டுப்போயிற்று. நம் வேலியோரத்தில் வளரும் ஆடுதீண்டாப்பாளை அந்தச் செடியின் குலத்தைச் சேர்ந்தது, அதே நஞ்சை உடையது. ஏட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை நீ எவருக்கும் உள்ளுக்குக் கொடுக்கலாகாது.

சென்ற ஐப்பசியில் ஓர் அம்மாள் தன் கணவரை என்னிடம் அழைத்து வந்தாள். கீழாநெல்லியைச் சமூலமாக அரைத்து, மோரில் கலக்கி, மூன்று வாரமாக வெறும் வயிற்றில் கொடுத்து வந்திருக்கிறாள். வெண்விழி பழுத்த மஞ்சளாயிருந்தது. முழங்கையிலும் வயிற்றிலும் சொறிந்து சொறிந்து நகக்கீறல். மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகிறது என்றார் அவர். ஈரல் வீக்கத்தால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்விலும் பத்தியத்திலும் தானாகவே தணிந்துவிடும். கீழாநெல்லிக்கு ஊரில் உள்ள கீர்த்தியில் ஒரு பெரும்பங்கு தேகத்தின் அந்தச் சுபாவத்துக்கே உரியது. பித்தநீர்க் குழாய் அடைபட்டு வரும் காமாலையோ எந்தப் பச்சிலைக்கும் வழிவிடாது. எண்வகைத் தேர்வில் நிறமும் விழியும் மலமும் இடம்பெற்றிருப்பது இந்த வேறுபாட்டைக் காண்பதற்காகவும்தான் அல்லவா? உடனே கடிதம் எழுதிக் கொடுத்து, ஸ்கேன் எடுக்கும்படி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "உங்களையே நம்பி வந்தோமே, நீங்களே கத்திக்கு அனுப்பலாமா?" என்று அந்த அம்மாள் கண் கலங்கினாள். குழாயில் கல் இருந்தது, எடுத்தார்கள், மனிதர் பிழைத்தார். அவள் மனம் குளிர வேண்டும் என்பதற்காக ஒரு லேகியத்தைக் கொடுத்து இன்னும் பத்து நாள் அவரை நான் நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீயே ஊகித்துக்கொள்.

நம்மிடம் வருகிறவர்களில் மிகப் பலர் இரண்டு வைத்தியமும் ஏககாலத்தில் செய்துகொள்கிறவர்கள் என்பதையும் மறவாதே. காலையில் சர்க்கரைக்கு ஆங்கில மாத்திரை, மாலையில் நம் சூரணம். இதை அங்கே சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று அங்கும் சொல்வதில்லை, அதை இங்கே சொன்னால் வைத்தியர் வருத்தப்படுவார் என்று இங்கும் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி, நடுவீதியில் வியர்த்து மயங்கி விழும்போது, பழி எந்த மருந்தின் தலையில் விழுந்தாலும் துன்பம் நோயாளிக்குத்தான். இந்த மௌனம் அவர்கள் குற்றமன்று. ஒருவரையொருவர் நிந்தித்துப் பேசி நாம் இரு தரப்பாரும் சேர்ந்து வளர்த்தது.

48 நாளில் சர்க்கரை வேரோடு போகும், புற்று கரையும் என்று விளம்பரம் செய்யும்படி உன்னையும் தூண்டுவார்கள். அத்தகைய விளம்பரத்தை 1954-இன் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்.

ஏளனத்துக்குப் பதில் கேட்டாயே, அதற்கும் ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். பம்பாயில் ரஸ்தம் ஜால் வகீல் என்ற டாக்டர், சர்ப்பகந்தியைக் கொடுத்து நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை அளந்து, குறித்து, 1949-இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார். உலகம் அந்த வேரைத் தேடி வந்தது. சில ஆண்டுகளில் அதே மருந்து சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குவதாகவும் கூறப்பட்டது. அதையும் உலகம் குறித்துக்கொண்டது. நன்மையைப் போலவே தீமையையும் எழுதி வைப்பவனிடம் ஏளனம் பேச எவருக்கும் வாய் வராது.

ஆகவே, தம்பி, வைத்தியசாலை திறக்கும் முதல் நாளிலேயே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கு. வருகிறவர்களிடம் வீட்டில் உள்ள மருந்துகள் யாவற்றையும், ஆங்கில மாத்திரை அட்டை உட்பட, பையோடு எடுத்து வரச் சொல். கோபிக்காமல் கேட்டு எழுதிக்கொள். நீ கொடுக்கும் மருந்தின் பெயர், அளவு, அனுபானம், பத்தியம், நாள் எல்லை ஆகியவற்றைத் தெளிவான தமிழில் சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டை அவர்களுடைய டாக்டரிடமும் காட்டும்படி சொல்.