சோலார் போட்டும் பாதி யூனிட்தானா?

கேள்வி: மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒரு மாதம் ஆகிறது. தினமும் 12 யூனிட் வரும் என்றார்கள். மீட்டரில் 6 தான் ஏறுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். நெட் மீட்டரில் ‘எக்ஸ்போர்ட்’ என்று காட்டுவது, வீட்டுச் செலவு போக மிஞ்சி வெளியே போன மின்சாரம் மட்டுமே. பகலில் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் இழுத்தது அதில் வராது. மொத்த உற்பத்தியை இன்வெர்ட்டர் திரையிலோ அதன் செயலியிலோ பாருங்கள். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது நம் ஊர்க் கணக்கு. மழை நாளில் அதை எதிர்பார்க்க முடியாது.

அங்கேயும் 6 தான் என்றால், செயலியில் அன்றைய வரைபடத்தைத் திறங்கள். நல்ல வெயில் நாளில் அது வழவழப்பான குன்று போல ஏறி இறங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல்தான்: தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, ஏன், டிஷ் ஆன்டெனாகூட. பேனல்களைத் தொடராக இணைத்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றையும் சேர்த்து இழுக்கும். உச்சி வெயிலில் கோடு திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுகிறதா? லைனில் வோல்டேஜ் எகிறி இன்வெர்ட்டர் தானே நின்றிருக்கலாம். திரையில் பிழைக் குறியீடு இருக்கும். அதைப் படம் பிடித்து, பொருத்தியவருக்கும் மின்வாரியத்துக்கும் காட்டுங்கள். நாள் முழுக்கப் பாதி உயரத்திலேயே ஓடினால், பேனல் இணைப்பு ஏதாவது விட்டிருக்கலாம். பொருத்தியவரையே வரச்சொல்லுங்கள்; வெயில் அடிக்கும்போது டிசி ஒயரில் நீங்கள் கை வைக்கக் கூடாது.