சோளக் கொல்லையில் சுடுமல்லியின் விருத்தி

புன்செய்ச் சோளம் முழ உயரம் வளர்ந்தபின், மண்ணில் ஈரமிருந்தும் பகலில் இலை வாடி, பயிர் வெளிறிக் குன்றிப்போவதுண்டு. சில நாட்களில் அதன் தூரடியில் வெள்ளைப் பூவுடன் சிறு பூண்டுகள் தலைகாட்டும். சுடுமல்லி என்பது இதுவே. இது சோளத்தின் வேரில் ஒட்டி நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழ்வது. சில வாரங்கள் நிலத்தடியிலேயே வளர்வதால், இது கண்ணிற்படும் காலத்தில் நஷ்டத்தின் பெரும்பகுதி நேர்ந்துவிட்டிருக்கும்.

இதற்கு மழையைக் குறை கூறுவோர் பலர். மழைக்கும் இதிற் பங்குண்டு. ஆனால் அவர்கள் எண்ணும் விதமாக அன்று. தூள் போன்ற இதன் விதை மண்ணில் பத்து வருஷத்திற்கு மேலும் உயிருடனிருக்கும். மழை பெய்த மாத்திரத்தில் அது முளைப்பதில்லை. வெதுவெதுப்பான ஈரமண்ணில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஊறிப் பக்குவப்படவேண்டும். அதன்பின் ஏற்றதொரு பயிரின் வேர்க்கசிவு அதன்மேற் படவேண்டும். பக்குவப்பட்ட விதையை வேர் எதுவும் அண்டாமல் ஈரம் மட்டும் நெடுநாள் நீடிக்குமாயின், அது மறுபடியும் உறங்கிவிடும்.

சோளம் தன் சத்துருவைத் தானே எழுப்புவானேன் என்று கேட்கலாம். விதையை முளைப்பிக்கும் பொருளை 1966-இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தனர். அது வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தைத் தேடித் தரும் ஒருவகைப் பூஞ்சைக்கு விடுக்கும் அழைப்பென்பது 2005-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளரால் தெரியவந்தது. நண்பனை அழைக்கும் குரலைத் திருடனும் கேட்டு வருகிறான். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த நிலத்தில் சோளம் இப்பொருளை அதிகமாய்க் கசியவிடுகிறது. எருவிடாத கொல்லையில் சுடுமல்லி மிகுவதற்கு இஃதொரு முக்கிய காரணம்.

ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொண்டு, ஆயிரத்திற்கு ஒன்றே செடியாகுமெனினும், அடுத்து ஐம்பது செடிகள் நிற்கும். ஆகையால் பூக்குமுன் பிடுங்குவதே முதற் காரியம். பூத்தபின் பிடுங்கியவற்றை வரப்பில் எறியாமலும் எருக்குழியிற் சேர்க்காமலும் கொளுத்திவிடவேண்டும்.

நிலக்கடலையையும் பருத்தியையும் மாற்றுப்பயிராக இடுவது நல்ல உபாயம். இவற்றின் வேர்க்கசிவினால் விதை முளைக்கும். ஆனால் ஒட்டிப் பிழைக்க இயலாமல் மடியும். ஒரு போகத்தில் இது தீராது. சோளத்தை மூன்று நான்கு வருஷமேனும் தள்ளி வைத்தாலொழிய மண்ணிலுள்ள விதை கண்டு சொல்லும்படி குறையாது. தீவனத்திற்குச் சோளத்தட்டையை நம்பியிருப்போருக்கு இது கஷ்டமே. அவர்கள் கொல்லையைப் பிரித்து, பாதியில் மாற்றுப்பயிரும் பாதியில் நன்றாக எருவிட்ட சோளமுமாக முறைவைத்துச் செய்யலாம்.

இவ்விதை காற்றிலும் வெள்ளத்திலும், கலப்பையில் ஒட்டிய மண்ணிலும் பரவும். காட்டுப்புற்களின் வேரிலும் இப்பூண்டு வாழ்வதால், ஒருவர் கொல்லையைச் சுத்தம் செய்து அடுத்த புறம்போக்கை விட்டுவைப்பதிற் பயன் சொற்பம். கிராம அதிகாரிகள், சோளம் கதிர் வாங்குமுன், பூண்டு பிடுங்குவதற்கென ஊர்ப்பொதுவில் நாள் குறித்து, புறம்போக்கையும் தரிசையும் அதே நாட்களிற் பார்வையிடச் செய்வது உத்தமம். பிடுங்கிய இடத்தில் பின்னும் புதிய செடிகள் கிளம்புமாதலால், அறுவடை வரையில் பதினைந்து நாளுக்கொருமுறை திரும்பப் பார்த்துவரவேண்டும்.