கடைக்கு எதற்குப் பதினெட்டு மாடி?



சென்னை பெருங்குடியில், பழைய மாமல்லபுரம் சாலையில், வேர்ல்ட் டிரேட் சென்டர் என்று ஒரு கட்டடம் நிற்கிறது. அதில் 2022 மார்ச்சில் அமேசான் நிறுவனம் ஓர் அலுவலகம் திறந்தது. 18 தளங்கள், 8 லட்சத்து 30 ஆயிரம் சதுர அடி, சுமார் 6,000 பேர் வேலை பார்க்க இடம். திறந்த நாளில் தமிழ்நாட்டில் அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய அலுவலகம் அதுதான். ஆனால் அந்தப் பதினெட்டுத் தளத்திலும் ஒரு சோப்புக்கட்டி வாங்க முடியாது. அது கடை இல்லை, குடோனும் இல்லை. அப்படியானால் சாமான் விற்கிற கம்பெனிக்கு இவ்வளவு இடம் எதற்கு? அந்த இடத்தில் டிப்ளமோ படிக்கிற நமக்கு என்ன வேலை இருக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பாடம் போலவே பதில் பார்க்கலாம். கணக்கும் வரும், பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு தகவல். அமேசான் இந்தியாவில் மென்பொருள் ஆட்களை வைத்து வேலை தொடங்கியது 2004-ல். இந்தியர்களுக்குச் சாமான் விற்கத் தொடங்கியது 2013 ஜூனில். அதாவது கடைக்கு ஒன்பது வருஷம் முன்பே அலுவலகம் வந்துவிட்டது! இங்கிலாந்தின் டெஸ்கோ 2004-லும், அமெரிக்காவின் டார்கெட் 2005-லும் பெங்களூரில் இதே மாதிரி அலுவலகம் போட்டன. டார்கெட்டுக்கு இந்தியாவில் ஒரு கடைகூடக் கிடையாது. ஆக, இந்த மாடிகளுக்கும் பக்கத்துத் தெரு வியாபாரத்துக்கும் சம்பந்தம் தேடக் கூடாது. உலகம் முழுக்க நடக்கிற வியாபாரத்தின் கணக்குப்பிள்ளை வேலை அங்கே நடக்கிறது.

கற்பூரக் கணக்கு

கணக்குப்பிள்ளை வேலை என்றால் என்ன? நம்ம அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கற்பூரம் விற்கிற ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கடந்த ஐந்து பௌர்ணமிக்கு 300, 340, 280, 360, 320 பாக்கெட் விற்றது என்று வையுங்கள். சராசரி 320. ஆனால் கடைக்காரர் 320 மட்டும் வாங்கி வைப்பாரா? மாட்டார். நடுராத்திரி சரக்குத் தீர்ந்தால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அதனால் 360, 370 என்று கொஞ்சம் கூட வாங்கி வைப்பார். அந்தக் கூடுதல் 40, 50 பாக்கெட்டுக்குப் பாதுகாப்பு இருப்பு என்று பெயர். மழை வரும் போலிருந்தால் குறைப்பார். கார்த்திகை தீபம் என்றால் இந்தச் சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போன வருஷத் தீபத்தைப் பார்ப்பார். இதையெல்லாம் அவர் எங்கேயும் எழுதி வைப்பதில்லை, மனசில் ஓடுகிறது.

இப்போது பொருள் ஒன்றல்ல, பல லட்சம். ஊர் ஒன்றல்ல, 606601 போல ஆயிரக்கணக்கான அஞ்சல் குறியீடு. ஒவ்வொரு பொருளும் எந்த ஊர்க் குடோனில் எத்தனை இருக்க வேண்டும், வேன் எந்த வழியாகப் போனால் டீசல் மிச்சம், வாங்கினவர் திருப்பி அனுப்பினால் பணம் எப்படித் திரும்பும், ஒரே செருப்பை நாலு பேர் நாலு பெயரில் பட்டியல் போட்டால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி? இதை மனக்கணக்கில் செய்ய முடியாது. விதியாக எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, சோதித்து, தப்பு வந்தால் திருத்தி, தீபாவளி விற்பனை நெரிசலில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அத்தனை பேர்.

சரி, 6,000 பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஆளுக்கு 138 சதுர அடி வருகிறது. இங்கிருந்து நம்ம பாடம் ஆரம்பம்.

ராஜகோபுரமும் ஆபீஸ் கட்டடமும்

நமக்குத் தெரிந்த உயரம் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம். 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. ஆபீஸ் கட்டடத்தில் தளத்துக்குத் தளம் 13 அடி என்று வைத்தால் 18 தளம் 234 அடி. ஏறத்தாழ நம்ம கோபுர உயரம்தான். ஆனால் கோபுரம் மேலே போகப் போகக் குறுகுகிறது. அடியில் கனம், மேலே லேசு. காற்று அதிகமாக அடிக்கிற உச்சியில் பிடிபடுகிற பரப்பும் குறைவு. ஆபீஸ் கட்டடம் அப்படியில்லை. தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி உச்சி வரை ஒரே அகலம்.

சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றழுத்தம் கண்டுபிடிக்க வேகத்தை வர்க்கமாக்கி 0.6-ஆல் பெருக்க வேண்டும். மற்ற திருத்தங்களை விட்டுவிட்டால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் வருகிறது. 50 மீட்டர் அகலம், 70 மீட்டர் உயரம் உள்ள ஒரு முகத்தில் 3,500 சதுர மீட்டர். மொத்தத் தள்ளுவிசை சுமார் 525 டன்! இதைத் தூண்கள் மட்டும் தாங்குவது கஷ்டம். அதனால்தான் லிப்ட், படிக்கட்டு, பைப் போகிற குழி எல்லாவற்றையும் நடுவில் சேர்த்து, சுற்றிக் கனத்த கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். பெரிய கட்டடங்களுக்கு முதுகெலும்பு அதுவே. 2002-ல் சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியபின் அந்தச் சுவரின் கம்பிக்கட்டு இன்னும் முக்கியமாகிவிட்டது.

அடிமண்ணும் வேறு. நம்ம பக்கம் கிணறு வெட்டினால் சீக்கிரமே பாறை தட்டும். பெருங்குடிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மழைநீர் தேங்கி வடிகிற நிலத்தையொட்டி உயரக் கட்டடம் எழுப்பினால் பைல் இறக்கி உறுதியான அடுக்கைத் தொட வேண்டும். பைலைச் சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும். அந்த ஊர் இவ்வளவு வளர்ந்தது நல்லதா என்று கேட்டால், சதுப்பில் தண்ணீர் நிற்க இடம் குறைந்த அளவுக்கு நல்லதில்லை என்பது என் கருத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சோதிக்காவிட்டால் என்ன ஆகும்? 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அடுக்குமாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கூலித் தொழிலாளர்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சைட்டில் கான்கிரீட் க்யூப் எடுத்து நம்பர் எழுதுகிறவர், கம்பி இடைவெளியை டேப் வைத்து அளக்கிறவர், சென்ட்ரிங் பிரிக்கிற தேதியைக் குறிக்கிறவர் பெரும்பாலும் சிவில் டிப்ளமோக்காரர். லேபில் க்யூப் உடைக்கிற அன்றைக்கு ரீடிங்கைப் பக்கத்துப் பையனிடம் காப்பி அடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

காலை ஒன்பது மணி லிப்ட்

இது ஒரு நல்ல கணக்கு. ஆபீஸ் கட்டடத்தில் காலை நெரிசலில் ஐந்து நிமிஷத்துக்குள் மொத்த ஆட்களில் 10 முதல் 15 சதவீதம் பேரை ஏற்ற வேண்டும் என்பது வழக்கமான அளவு. 12 சதவீதம் வைப்போம். 6,000 பேருக்கு 720. ஒரு லிப்ட் 20 பேர் தாங்கும்; ஆனால் நெருக்கியடித்து ஏற மாட்டார்கள், 16 பேர் என்று கொள்ளுங்கள். கீழே கதவு மூடி, தளம் தளமாய் நின்று, திரும்பக் கீழே வர 150 விநாடி. ஐந்து நிமிஷத்தில் இரண்டு நடை, 32 பேர். 720-ஐ 32-ஆல் வகுத்தால் 23 லிப்ட் வேண்டும்.

இப்போது பாதி லிப்ட் 1 முதல் 9 வரை, மீதி நேராக 10-க்குப் போய் 18 வரை என்று பிரித்துவிடுங்கள். நிற்கிற இடம் குறைகிறது. ஒரு நடை 120 விநாடி ஆனால் ஐந்து நிமிஷத்தில் இரண்டரை நடை, 40 பேர். 18 லிப்ட் போதும். ஐந்து லிப்டும், அதற்கான குழியும், அந்தக் குழி ஒவ்வொரு தளத்திலும் தின்கிற இடமும் மிச்சம்! ஒரு புது மோட்டார்கூட வாங்கவில்லை.

அடுத்து குளிர்சாதனம். உட்கார்ந்து வேலை செய்கிற ஒரு ஆள் உடம்பிலிருந்து ஏறக்குறைய 120 வாட் சூடு வருகிறது. 6,000 பேருக்கு 720 கிலோவாட். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3.5 கிலோவாட். ஆக மனுஷர் சூட்டுக்கு மட்டுமே 200 டன்னுக்கு மேல். கம்ப்யூட்டர் தின்கிற கரண்ட் எல்லாமும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதோடு கண்ணாடி வழியே வெயில், விளக்கு, உள்ளே இழுக்கிற வெளிக்காற்று. 400 சதுர அடிக்கு ஒரு டன் என்ற கைக்கணக்கில் 8.3 லட்சம் சதுர அடிக்கு 2,075 டன் வருகிறது.

நல்ல சில்லர் ஒரு டன்னுக்கு 0.65 கிலோவாட் கரண்ட் எடுக்கும் என்று வையுங்கள். கண்டென்சர் குழாயில் உப்பு படிந்தால் அது 0.70 ஆகும். வெறும் 0.05 தானே என்று தோன்றும். 2,075 டன்னுக்கு 104 கிலோவாட். தினம் 10 மணி, வருஷம் 250 நாள் முழுச் சுமையில் ஓடினால் 2 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் வீண். குழாயைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்கிற நாளைத் தள்ளிப்போடாத மெக்கானிக்கல் டிப்ளமோ ஆள் ஒருவர் மிச்சப்படுத்துகிற மின்சாரம் இது.

வேலை யாருக்கு?

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மாடிகளில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பி.ஈ., அதற்கு மேலே படித்தவர்கள். நம்மவர் அங்கே போக, இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து பி.ஈ. முடிக்கிற வழி இருக்கிறது. மெஷின் ரூமில் நிலைமை வேறு. சில்லர், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் ஓட்டுவது டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும்தான். ஆனால் இதுபோன்ற கட்டடங்களில் அவர்களுக்கு மேலே இருக்கிற பெரிய கம்பெனி சம்பளம் கொடுப்பதில்லை. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கொடுக்கிறார். சேரும்போதே நியமனக் கடிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றையும் கேட்டு வாங்குங்க. கூச்சப்படாதீங்க.

நாற்காலி வேலையும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். அமேசான் 2022 கடைசியிலிருந்து 2023 மார்ச் வரை உலகம் முழுக்க 27,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது; 2025 அக்டோபரில் மறுபடி 14,000. தளம் காலியானால் பராமரிப்பு ஒப்பந்தமும் சுருங்கும். ஆனால் சில்லர் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரி, பால் பண்ணை, ஓட்டல் என்று வேறு கதவுகள் உண்டு. எலக்ட்ரிகல் மாணவர்கள் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சூப்பர்வைசர் தகுதிச் சான்றை மறக்காமல் வாங்க வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷ அப்ரெண்டிஸ் பயிற்சி உண்டு. அதைக் கவனிக்கிற தென்மண்டல வாரியம் தரமணியில்தான் இருக்கிறது, பெருங்குடிக்குப் பக்கத்து ஊர். சென்னைக்குப் போகாமலே ஆகாதா என்றால், 2024 பிப்ரவரியில் விழுப்புரத்தில் 63,000 சதுர அடியில் மினி டைடல் பூங்கா திறந்திருக்கிறார்கள். அளவு சிறிது. ஆனால் அங்கேயும் லிப்டும் பம்பும் உண்டே.

கடைசியாக ஒரு வீட்டுக்கணக்கு. 2019 ஜூனில் சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஆபீசில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் 20 லிட்டர் கழிவறைக்கு. 6,000 பேருக்கு மொத்தம் எத்தனை லிட்டர்? 12,000 லிட்டர் லாரியில் எத்தனை நடை? தண்ணீரில் குளிர்விக்கிற சில்லர் என்றால், கூலிங் டவரில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஏறக்குறைய 6 லிட்டர் ஆவியாகும்; மேலே சொன்ன 2,075 டன்னுக்கு 10 மணி நேரத்தில் எவ்வளவு? கழிவுநீரைச் சுத்திகரித்தால் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, அது கழிவறைக்கும் கூலிங் டவருக்கும் சேர்த்துப் போதுமா, லாரி இன்னும் வேண்டுமா என்று போட்டுப் பாருங்க.