ஏரியைச் சுற்றி எழுந்த ஊர்: வேங்கிக்கால் தரும் பாடம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ளது வேங்கிக்கால். 1989 செப்டம்பர் 30-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று வேங்கிக்காலில்தான் இருக்கிறது. நகரம் வளர வளரக் கழனிகள் பல மனைகளாகிவிட்டன. ஆயினும் இந்த ஊரின் நில அமைப்பை விவசாயிகள் அறிந்திருப்பது நன்மை தரும்.

நில அமைப்பு

அண்ணாமலை 2,600 அடிக்கு மேல் உயரமுள்ள கடினப் பாறை மலை. பாறையில் மழைநீர் அதிகம் இறங்காது; சில மணி நேரத்தில் வழிந்தோடிவிடும். வற்றாத ஆறும் அருகில் இல்லை. எனவே, சரிவில் கரை கட்டி நீரைத் தேக்கினால்தான் நெல் விளையும் என்பதை முன்னோர் உணர்ந்தனர்.

'கால்' என்ற சொல்லுக்கு வாய்க்கால் என்ற பொருளும் உண்டு. இம்மாவட்டத்து ஊர்ப் பெயர்களில் வரும் 'ஏந்தல்', 'தாங்கல்' என்பவையும் நீர்நிலையைக் குறிப்பவையே.

ஊர் அமைந்த முறை

ஏரிப் பாசன ஊர்களில் ஓர் ஒழுங்கைக் காணலாம். மேலே வரத்துக்கால், அடுத்து ஏரி, கரையின் கீழே மதகுப் பாசனக் கழனி, மேட்டில் குடியிருப்பு, அதற்கப்பால் மானாவாரிக் கொல்லை. மிகுந்த நீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குப் போய்ச் சேரும். ஏரியைக் காக்க 'ஏரி வாரியம்' இருந்ததை உத்திரமேரூரில் உள்ள பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு கூறுகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வரத்துக்கால் அடைபட்டால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் கிணறுகளிலும் நீர் ஊறாது. எனவே கோடையிலேயே கால்வாயைத் தூர் வாருங்கள்.

2. மனை வாங்குமுன் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பாருங்கள். கால்வாய், கலங்கல் செல்லும் புல எண்களைத் தவிர்த்துவிடுங்கள். நீர் தன் பழைய வழியை மறக்காது. பெருமழையில் வீட்டுக்குள் புகும்.

3. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. ஊரார் கூடி மனுச் செய்யலாம்.

4. ஏரி வண்டல் இலேசான செம்மண்ணின் ஈரம் காக்கும் தன்மையைக் கூட்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே எடுக்க வேண்டும்.

நீர் இருந்த இடத்தில் ஊர் உண்டாயிற்று. நீர்வழி நிலைத்தால்தான் ஊரும் உழவும் நிலைக்கும்.