எலி பிடிக்கும் பூனைக்குத் தீனியும் தண்ணீரும்

நெல் மூட்டைக்குக் காவலாகப் பூனை வளர்ப்போர் பலர், பட்டினி போட்டால்தான் அது எலி பிடிக்கும் என்கிறார்கள். அப்படியல்ல, வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். கண்ணுக்கும் இருதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து சோற்றில் இல்லை. பாலிலும் மிகக் குறைவு. பால்சோறே போட்டு வந்தால் நாளடைவில் பார்வை கெடும். ஆகவே மீனையோ கோழி இருதயத்தையோ உப்பின்றி வேகவைத்து, சோற்றில் பிசைந்து கொடுக்கவும். வெந்த நீரைக் கொட்டக் கூடாது. டாரின் அதில் இறங்கியிருக்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு ஆகாது. இரத்தச் சோகை உண்டாகும்.

பூனை இயல்பாகவே குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். நிழலில், அகலமான சட்டியில் தினமும் புதுத்தண்ணீர் வைக்கவும். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும். அடைப்பு நீடித்தால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும்.